தடி அதிகாரி

தம்பி,

நலமா என்று கேட்க வேண்டியதில்லை. நீ மேல்மாடியில்தான் இருக்கிறாய். உன் உருளை நாற்காலி பலகைத் தரையில் ஓடும் சத்தம் எனக்குக் கீழே கேட்கிறது. நீ நலம், நான் நலம், நடுவில் ஒரு மாடிப்படி. ஏறி வந்து சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஏறியும் பார்த்தேன். காதில் மாட்டியதைக் கழற்றாமல் கையை மட்டும் தூக்கி, "கால்ல இருக்கேனுங்கப்பா, அப்புறமா" என்றாய். சாப்பாட்டு மேசையில் பேச்செடுத்தால், "எழுத்துல ஏதாச்சும் இருக்குதுங்களாப்பா? இருந்தா குடுங்க, பாக்கறேன்" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறாய். சரி, எழுத்தில்தான் வேண்டும் என்றால் எழுத்திலேயே தருகிறேன் என்று இறங்கிவிட்டேன்.

கைநாட்டு வைக்கிற உன் அப்பன் எழுத்துக்கு எங்கே போவான்? பார்க்கில் என்னோடு நடக்கிற வாத்தியாரைத் தெரியுமல்லவா, மகள் வீட்டுக்கு வந்திருக்கிற ஆத்தூர்க்காரர். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுகிறார். உங்கள் பேச்சுக்குக் கொஞ்சம் இஸ்திரி போட்டு எழுதுகிறேன் என்றார். போடுங்கள், ஆனால் சூடு வைத்து ஓட்டை போட்டுவிடாதீர்கள் என்றேன். முடிந்ததும் தமிழ்ச் சங்கத்து மலரில் போடலாமா என்று கேட்டிருக்கிறார். போடட்டும். நம் ஆட்கள் நிறையப் பேர் உன்னைப்போல மேல்மாடியில்தான் இருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். வருகிற திங்கட்கிழமை நம் குடியிருப்புச் சங்கத்தின் பேரில் நீ ஒரு மெயில் அனுப்பப்போகிறாய். அது போனதும் மண் அள்ளுகிற எந்திரம் வரும். நம் குடியிருப்பின் கோடியில், இரும்பு வேலிக்கு வெளியே, பிகான் என்கிற கொட்டை மரத்தின் அடியில் கிடக்கிற கற்களை வாரிக் கொட்டிவிட்டு, தரையைச் சமன் பண்ணி, பிக்கிள்பால் என்கிற மட்டைப்பந்து ஆடுவதற்குத் தளம் போடும். அந்தக் கற்களுக்காகத்தான் இந்தக் கடிதம். கற்களுக்காக என்று சொன்னேனா? உனக்காகவும்தான். வந்த நாளிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை என்று நீ டாக்டரிடம் சொன்னாய். அவர் சர்க்கரையைப் பார்த்தார். சர்க்கரையில் ஒன்றும் இல்லை தம்பி.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன், அது எல்லாரும் சிரித்த தப்பு. இந்த டெக்சாஸில் வீடுகளெல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. வந்த புதிதில் பக்கத்து வீட்டு கராஜ் முன்னால் நின்றுகொண்டு, நீ ஏன் இன்னும் கதவைத் திறக்கவில்லை என்று கோபப்பட்டவன் நான். அதனால் அடையாளம் பிடிக்கத் தெருக்கோடிவரை நடக்கத் தொடங்கினேன். பொள்ளாச்சிச் சந்தையும் குன்னத்தூர்ச் சந்தையும் நடந்த கால், மாட்டுத் தரகனின் கால், நாற்காலியில் தொங்கிக்கொண்டிருக்க ஒப்புமா? கோடியில் ஒரு பெரிய ஓக் மரம், அதன் அடியில் இடுப்பளவு இரும்பு வேலி, கம்பி ஒவ்வொன்றுக்கும் முனையில் வேல். உள்ளே நாலைந்து கல் நட்டிருந்தது. பெரிய கல்லில் ஒரு கத்தி செதுக்கியிருந்தது. கத்திக்கு மேலேயும் கீழேயும் எழுத்து. எழுத்து எனக்கு எறும்பு ஊர்கிற மாதிரிதான். கத்திதான் தெரிந்தது. நீயே சொல், ஊர் எல்லையில், மரத்தடியில், கத்தியோடு நிற்கிறவர் யார்? கருப்பராயன் அல்லாமல் வேறு யார்? இவர்களும் எல்லைக்கு ஒருத்தரைக் காவல் வைத்திருக்கிறார்கள், பரவாயில்லையே என்று நினைத்தேன்.

மறுநாள் உன் சம்சாரம் ரசத்துக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு போய் வேலி முனையில் குத்தினேன். உன்னிடம் சுருட்டு வாங்கித் தரச் சொன்னேனே, நீ நுரையீரல் படமெல்லாம் காட்டிப் பிரசங்கம் பண்ணினாயே, அது அவருக்குத்தான். வேலிக்கு வெளியே, சற்றுத் தள்ளி, பிகான் மரத்தடியில் வேறு கற்கள் வரிசையாகக் கிடந்தன. செதுக்காத கல், ஆற்றில் உருண்ட கல், எழுத்தும் இல்லை உருவமும் இல்லை. கருப்பராயன் இருந்தால் பக்கத்தில் கன்னிமார் இருப்பார்கள் என்பது யாருக்குத் தெரியாது? கன்னிமாருக்கு ஏது உருவம்? மஞ்சள் தூள் தூவி, தெருவெல்லாம் பூத்துக் கொட்டுகிற அந்த ரோஸ் நிறப் பூவை ஆளுக்கொன்றாக வைத்துக் கும்பிட்டேன். உன் மகளுக்கு நல்ல காலேஜ் கிடைக்க வேண்டும், உனக்குக் கிரீன் கார்டு வர வேண்டும், இவ்வளவுதான் வேண்டினேன்.

அன்று சாயந்திரம் நீ செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாய். யார் வீட்டுக் கேமராவிலோ நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எலுமிச்சம்பழம் குத்துகிறேன்.

"ஹெச்.ஓ.ஏ. சங்கத்து குரூப்ல போட்டிருக்காங்கப்பா! 'சஸ்பிஷியஸ் லெமன்ஸ்'னு ஒருத்தன் எழுதியிருக்கான். இன்னொருத்தன் போலீஸ கூப்பிடலாமான்னு கேக்கறான். நான் அதுல செக்ரட்டரிங்கப்பா!"

"காவக்காரச் சாமிக்குக் கனி குத்துனா போலீசு வருமா? நல்ல ஊருடா."

"அது சாமி இல்லைங்கப்பா. சமாதி. ஏதோ பழைய மிலிட்டரிக்காரன்."

"மிலிட்டரிக்காரன் செத்தாத்தான்டா சாமி. நம்மூர்ல மட்டும் வேற எப்படி ஆனாங்க?"

உன் சம்சாரம் அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீயும் கடைசியில் சிரித்துவிட்டாய். அந்தச் சிரிப்பைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று. அதற்காகவே இன்னொரு பழம் குத்தலாம் என்று தோன்றியது.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் கேரலம்மா வந்தார். குடியிருப்புக்கு வெளியே தகரக் கூரை போட்ட பழைய வீட்டில் தனியாக இருக்கிற வெள்ளைக்கார அம்மா, பெயர் கேரல். இந்த வீடுகள் நிற்கிற மண் எல்லாம் ஒரு காலத்தில் அவர்கள் குடும்பம் உழுது விதைத்த காடு, அண்ணன் விற்றுவிட்டார், வேலி போட்ட சமாதியும் அந்த வீடும் மட்டும் அவருக்கு மிச்சம். நான் பூ வைத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று செல்போனில் ஏதோ பேசினார். போன் தமிழில் சொன்னது: "வணக்கம். நீங்கள் ஏன் என் பூட்டனார் மீது எலுமிச்சையை வைக்கிறீர்கள்?"

"தப்பா நெனச்சுக்காதீங்க தாயி. இவுரு உங்க பாட்டனுங்களா? நான் கருப்பராயன்னு நெனச்சுப்போட்டனுங்க."

போன் இதை இங்கிலீஷில் சொன்னது. அந்த அம்மா சிரித்தார் பார், வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என்னவென்று எனக்குத் தெரியவில்லை. போன் அதைக் கறுப்பு ராஜா என்று சொல்லியிருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னதைப் போன் இப்படிச் சொன்னது: "மேஜர் இதை மிகவும் வெறுத்திருப்பார். என் பூட்டனார் தெற்குப் படையில் ஒரு தடி அதிகாரி ஆவார்."

தடி அதிகாரி. இந்த வார்த்தை எனக்குச் சட்டென்று பிடிபட்டது. நிலத்துக்குச் சொந்தக்காரரான பண்ணாடி வீட்டுக் களத்தில் தடியோடு நிற்பானே ஒருத்தன், அடிக்கிறானோ இல்லையோ நிற்பான், அந்த ஆள். சரிதான், கருப்பராயன் கையிலும் தடி உண்டு, நாம் நினைத்தது பெரிய தப்பில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அதற்குப் பிறகு தினமும் வேலி ஓரத்தில் போட்டிருக்கிற பெஞ்சில் நாங்கள் உட்கார்ந்தோம். நடுவில் போன். அது பாதியைத் தப்பாகச் சொல்லும், கேரலம்மா கையால் மீதியைக் காட்டுவார். குடும்பக் கதை எல்லா ஊரிலும் ஒரே கதைதான் தம்பி, எனக்குப் புரியாமல் போகவில்லை.

இந்த நாடு வடக்கு தெற்கு என்று இரண்டாகி அடித்துக்கொண்ட சண்டை ஒன்று இருந்ததாம், உனக்குத் தெரிந்திருக்கும். அடிமை வைத்துக்கொள்ளும் உரிமைக்காகத் தெற்கு நின்றது. மேஜர் டென்னசிப் பக்கத்து வக்கீல் வீட்டுப் பிள்ளை. துப்பாக்கி என்றால் அவருக்கு ஆகாது. ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், குதிரையும் நன்றாக ஓட்டுவார். அந்த இரண்டுக்காகவே ஒரு ஜெனரல் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஜெனரல் வாயால் சொல்வார், மேஜர் எழுதுவார், எழுதியதை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு புகைக்குள் குதிரையை விடுவார். சண்டை முடிகிறவரை அவர் ஒரு ஆளையும் சுடவில்லை, இடுப்புக் கத்தியை உறையிலிருந்து உருவவில்லை. ஒரு நாள் அவர் மடித்துக்கொண்டு போன காகிதத்தில், எதிரே மேட்டில் பீரங்கி இருக்கிறது, இந்தப் பிரிவு அதில் ஏற வேண்டும் என்று இருந்தது. அந்தப் பிரிவில் அவருடைய மச்சினன் இருந்தான், மனைவியின் ஒரே தம்பி. எழுதியது இவர் கை, என்ன எழுதியிருக்கிறது என்று இவருக்குத் தெரியும். போகிற வழியில் மேட்டையும் பார்த்தார். ஏறினவன் இறங்க மாட்டான் என்று தெரிந்தது. கொண்டுபோய்க் கொடுத்தார். மச்சினன் இவரைப் பார்த்துக் கையசைத்துவிட்டு ஏறினான்.

சண்டையில் தோற்று வீட்டுக்கு வந்தபோது மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம். தம்பிக்கு என்ன கொண்டுபோய்க் கொடுத்தீர்கள்? இவர் சொன்ன பதில், நான் காகிதம் கொண்டுபோனவன் மட்டும்தான். அதற்குப் பிறகு அந்த அம்மா ஒரு நாளும் அவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. பரிமாறுவாள், அடுப்படிக்குப் போய்விடுவாள். டெக்சாஸுக்கு வண்டி கட்டிக்கொண்டு வந்து காடு வாங்கி, பிள்ளைகள் பிறந்து வளர்ந்து, எல்லாம் அந்தக் காலி நாற்காலிக்கு எதிரில்தான் நடந்தது. மூத்தவன் மீசை முளைத்ததும் அதே கேள்வியைக் கேட்டான், அதே பதில் வந்தது. கலிஃபோர்னியாவுக்குப் போனான், ஒரு வரி எழுதவில்லை. எழுத்துக்காரர் வீட்டுக்கு எழுத்தே வரவில்லை பார்த்தாயா. கடைசி மகள்தான் வீட்டோடு இருந்தாள், கேரலம்மாவின் பாட்டி அவள். வயதான பிறகு மேஜருக்கு இருப்புக் கொள்ளாது, விடிவதற்குள் எழுந்து வேலி ஓரமாகவே மேலும் கீழும் நடப்பார், வெயில் ஏறுகிறவரை நடப்பார், யாராவது கூப்பிட்டால் திடுக்கிட்டுச் சட்டைக்குள் கையை விட்டுத் தடவுவார் என்று அந்தப் பாட்டி சொல்லியிருக்கிறாள். அவர் செத்ததும் கல்லில் கத்தி செதுக்கலாம் என்றார்கள் பிள்ளைகள். "கத்தி எதற்கு, பேனாவைச் செதுக்குங்கள்" என்றாளாம் அவர் பொண்டாட்டிக் கிழவி. யாரும் கேட்கவில்லை.

இந்தக் கதையை ராத்திரிச் சாப்பாட்டில் பெருமையாகச் சொன்னபோதுதான் உன் சம்சாரம் திருத்தினாள். நீ அப்போதும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய், கேட்டிருக்க மாட்டாய்.

"மாமா, ஸ்டாஃப்னா இங்க தடி இல்ல. போன் தப்பா சொல்லிருக்கு. ஆஃபீஸ் ஸ்டாஃப்னு சொல்றோம்ல, அந்த ஸ்டாஃப். மேல இருக்கறவர் சொல்ற ஆர்டர டைப் பண்ணி, ஃபார்வர்ட் பண்ற வேல. உங்க புள்ள மாதிரின்னு வெச்சுக்கோங்களேன்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. அதற்குள் உன் மகள், தமிழை அளந்து அளந்து செலவழிக்கிற பிள்ளை, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அப்பாரு, ஸ்டாப் ப்ரேயிங் டு ஹிம். ஹி ஓன்ட் பீப்பிள்."

"அப்படின்னா என்ன கண்ணு?"

"லைக்... மாடு. மாடு மாதிரி. ஆளுங்கள வெச்சிருந்தான்."

மாட்டுத் தரகனிடம் சொல்கிறாள். மறுநாள் கேரலம்மாவிடம் நேராகவே கேட்டேன், அந்தம்மா மறைக்கவில்லை. மேஜருக்குக் கல்யாணச் சீராகப் பெண் வீட்டில் குதிரை கொடுத்தார்கள், கறவை கொடுத்தார்கள், கூடவே ஒரு சமையல்காரப் பெண்ணையும் கொடுத்தார்கள். அவளுக்கு ஒரு பெண் குழந்தை. குழந்தையை மாமனார் வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார்கள். குழந்தையும் வரட்டும் என்று புது மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கு யாரும் தட்டியிருக்க மாட்டார்கள். சொல்லவில்லை. தம்பி, தாயையும் கன்றையும் பிரித்து விற்றால் சந்தைப்பேட்டையில் விடியவிடிய ஒரு சத்தம் கேட்கும். கேட்டவன் நான், பிரித்துக் கொடுத்துத் தரகு வாங்கினவனும் நான். அதனால் போன் அந்த இடத்தில் என்ன மொழிபெயர்த்தது என்று நான் கவனிக்கவில்லை, அதற்கு முன்பே என் காதில் அந்தச் சத்தம் வந்துவிட்டது. சண்டை முடிந்து விடுதலை என்றதும் அந்தப் பெண் மகளைத் தேடி நடந்தே போனாள். கிடைக்கவில்லை. வேறு போக்கிடம் இல்லாமல் திரும்பி வந்து மேஜர் வீட்டிலேயே சமைத்தாள், அவர்களோடு டெக்சாஸுக்கும் வந்தாள். அவள் செத்தபோது மேஜர் யாரையும் விடாமல் தானே ஓடையிலிருந்து ஒரு கல்லைத் தூக்கி வந்து பிகான் மரத்தடியில் வைத்தாராம். வேலிக்கு வெளியே. பிறகு அந்தக் காட்டில் பாடுபட்ட மற்றவர்களுக்கும் ஒவ்வொரு கல். அவ்வளவு அழகான கையெழுத்து உள்ள மனுசன், ஒரு கல்லிலும் ஒரு பெயரை எழுதவில்லை.

நான் கன்னிமார் என்று கும்பிட்டது அவர்களைத்தான். உள்ளே இருந்தவரின் எலுமிச்சம்பழத்தை அன்றைக்கே பிடுங்கிவிட்டேன். வெளியே வைத்த பூவை எடுக்கவில்லை. எழுத்துள்ள கல்லும் எழுத்தில்லாத கல்லும் எனக்கு ஒன்றாகத் தெரிந்ததால் நடந்த தப்பு அது. தனக்குத் தெரிந்து அந்தக் கற்களுக்கு யாரும் பூ வைத்ததில்லை, தானும் வைத்ததில்லை என்று சொல்லி கேரலம்மா அழுதார். சிரித்தபோது பிடித்த அதே வேலியைத்தான் பிடித்துக்கொண்டு அழுதார்.

இனி உனக்குத் தெரிந்த கதை. பிக்கிள்பால் தளம் அந்த இடத்தில்தான் வருகிறது என்று தெரிந்ததும் அந்த அம்மா நம் வீட்டு வாசலுக்கு வந்தார். நீ மரியாதையாகத்தான் உட்கார வைத்தாய், காபி கொடுத்தாய். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நீ சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "ஐ ஹியர் யூ, மிஸ் கேரல். டூ யூ ஹேவ் எனி டாக்குமென்டேஷன்?" அவர் சொன்னது, "நோ, ஹனி. ஐ ஜஸ்ட் நோ." எழுத்தில் இல்லை, எனக்குத் தெரியும் அவ்வளவுதான் என்று அர்த்தமாம், பிறகு உன் சம்சாரம் சொன்னாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் காலிக் கையை விரித்துக் காட்டுவது எந்த மொழி? காபி ஆறிப்போய் இருந்தது. தெருவில் வெயிலில் அவர் நடந்து போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நம் சந்தையில் விலை படியாத மாட்டைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் அப்படித்தான் நடப்பார்கள்.

"என்ன சாமி, ஒரு வார்த்தை சொல்லப்படாதா அவுங்களுக்கு?" என்று உன்னைக் கேட்டேன்.

"அப்பா, போர்டு முடிவு பண்ணிடுச்சுங்க. பத்திரத்துல வேலிக்குள்ள இருக்கற இடம் மட்டும்தான் சமாதின்னு போட்டிருக்கு. வெளிய ஒண்ணுமே இல்ல. கிரீன் கார்டு வேற தொங்கிட்டு இருக்கு, இவங்க பஞ்சாயத்துல நாம போயி எதுக்குங்க முன்னாடி நிக்கறது? நான் முடிவு பண்றவன் இல்லீங்கப்பா. மெயில் அனுப்பறவன் மட்டும்தான்."

நீ சொல்லிவிட்டு மாடிக்கு ஏறிவிட்டாய். அந்தப் பதிலை நான் சில நாளைக்கு முன்னால்தான் வேலி ஓரத்தில், போன் வழியாக, செத்துப்போன ஒரு மனுசன் வாயிலிருந்து கேட்டுவிட்டு வந்திருந்தேன்.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஊரான் ஊரில் இருக்கிறோம், ஒரு காகிதம் இழுத்தால் வீடு, வேலை, பிள்ளை படிப்பு எல்லாம் சரியும். அந்தப் பயத்தை உனக்குள் வைத்தவனே நான்தான் என்று நினைத்தால்தான் எனக்குக் கால் தரையில் தங்க மாட்டேன் என்கிறது. உனக்கு நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை, நீ என் தோள்மேல் உட்கார்ந்திருந்த வயசு. என் அப்பனைப் பண்ணாடி காட்டின் வரப்போரம், பனைமரத்தடியில் புதைத்திருந்தோம். காலமெல்லாம் அந்தக் காட்டில் மாடு மேய்த்தவர் வேறெங்கே போவார்? தலைமாட்டில் ஒரு கல், அவ்வளவுதான். பண்ணாடி தென்னை வைக்கிறார் என்று தெரிந்து உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கணக்குப்பிள்ளை நின்றிருந்தார். "அப்பனைப் பொதச்ச எடமுங்க" என்றேன். "எளுத்துல இருக்குதாடா?" என்றார். எங்கே இருக்கும்? அவர் கெட்ட மனுசன் இல்லை தம்பி, அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். "நான் என்னடா பண்ணட்டும்? பண்ணாடி சொன்னாரு, நான் சொல்றேன்" என்றார். கலப்பை போயிற்று. இன்றைக்கு அங்கே எந்தத் தென்னைக்கு அடியில் என் அப்பன் இருக்கிறார் என்று எனக்கே தெரியாது. அன்று திரும்பி வருகிற வழியில் உன் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன், "சாமி, நீ எளுத்துக்காரனா ஆயிரு, எதுன்னாலும் எளுத்துல வாங்கு." நீ அப்படியே ஆனாய். சொன்ன சொல் தட்டாத பிள்ளை. ஆனால் எழுத்தில் இருக்கிறதா என்று கேட்கிறவரின் நாற்காலியில் நீ உட்காருவாய் என்று நான் அன்றைக்கு யோசிக்கவில்லை. யோசித்திருந்தால், அதோடு ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருப்பேன். என்ன வார்த்தை என்றுதான் இந்த ஒரு வாரமாக நடந்து நடந்து தேடுகிறேன்.

சந்தையில் நாங்கள் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரலைப் பிடித்து விலை பேசுவோம், நீ பார்த்திருக்கிறாய். கை துண்டுக்குள் என்ன வேண்டுமானாலும் பேசும். ஆனால் கண் எதிராளி கண்ணைப் பார்க்க வேண்டும். கண்ணைத் திருப்பிக்கொண்டு விரலைப் பிடிக்கிறவனிடம் யாரும் வியாபாரம் பண்ண மாட்டார்கள். மேஜர் செய்த தப்பு காகிதம் எழுதியது அல்ல, கொண்டுபோனதுகூட அல்ல என்றுதான் எனக்குப் படுகிறது. சண்டைக்குப் போனால் உத்தரவு இருக்கும். பொண்டாட்டி கேட்டபோது, ஆமாம் நான்தான் கொண்டுபோனேன், தெரிந்துதான் கொண்டுபோனேன் என்று அவள் கண்ணைப் பார்த்துச் சொல்லியிருந்தால், அவள் அடித்திருப்பாள், அழுதிருப்பாள், ஒரு நாள் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தும் இருப்பாள். மட்டும்தான் என்ற அந்த ஒரு சொல்தான் அவர் கையில் இருந்த தடி. பார்த்தாயா, அந்தப் போன் முழுக்கவும் தப்பாகச் சொல்லிவிடவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று உன் சம்சாரத்திடம் கேட்டேன். "கவுன்ட்டி ஆஃபீசுக்கு, நம்மூர் தாலுக்கா ஆஃபீஸ் மாதிரி, ஒரு கால் பண்ணா வந்து பாப்பாங்க மாமா, பழைய சமாதின்னா ரூல்ஸ் இருக்கு. ஆனா யாராவது பண்ணணுமே" என்றாள். அந்த யாராவது யார் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இருவரும் மாடிப்படியைப் பார்த்தோம். நீ செய்தால் மற்ற போர்டுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், அது உண்மைதான். தெருவில் உனக்குக் கையாட்டுகிறவர்களில் ஒன்றிரண்டு குறையும். நீ செய்யாமல் மெயிலை அனுப்பினாலும் நீ என் மகன்தான், ஊருக்குப் போகும்போது ஏர்போர்ட்டில் உன்னைக் கட்டிப்பிடித்துவிட்டுத்தான் போவேன், அதில் மாற்றமில்லை. அனுப்பினால் நான் அனுப்பினேன் என்று சொல். உன் மகள் ஒரு நாள் கேட்பாள். அந்தப் பிள்ளை கேட்காமல் விடுகிற சாதி இல்லை, பார்த்தாயல்லவா. அன்றைக்கு அந்த மட்டும்தான் என்ற சொல்லைச் சேர்க்காதே. கலிஃபோர்னியா இங்கிருந்து ரொம்ப தூரமில்லை.

திங்கட்கிழமை காலையில் நான் பிகான் மரத்தடியில்தான் இருப்பேன். கேரலம்மா மடக்கு நாற்காலி கொண்டுவருகிறாராம். எந்திரத்தை மறிப்பதற்கு அல்ல, இரண்டு கிழடுகள் எதை மறிக்க முடியும்? சும்மா உட்கார்ந்திருப்போம். போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன், அன்றைக்குப் பேச்சு ஒன்றும் இருக்காது.

இன்னும் ஒன்று மிச்சம். அந்தச் சமையல்காரப் பெண்ணுக்கு ஒரு பெயர் உண்டு. பாட்டி சொல்லி கேரலம்மாவுக்குத் தெரியும், கேரலம்மா சொல்லி எனக்குத் தெரியும். இதுவரை அது வாயில் மட்டுமே இருந்த பெயர். வாத்தியாரிடம் சொன்னேன், அதைப் பெரிதாக, தனியாக எழுதச் சொன்னேன். எழுதிவிட்டு என்னிடம் காட்டினார். எனக்கு எறும்பு ஊர்ந்த மாதிரிதான் இருந்தது, இருந்தாலும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரோடா.

எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டாய். இதோ, எழுத்தில் இருக்கிறது.

பதிலை எழுதி அனுப்பாதே, உன் அப்பனுக்குப் படிக்கத் தெரியாது. இறங்கி வந்து வாயால் சொல். மாடிப்படிக்குக் கீழேதான் இருக்கிறேன்.